அறக்கட்டளையின் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்துவது எப்படி?

சிறிய அறக்கட்டளை ஒன்றின் இணையதளத்துக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். உதவி கேட்டு வருபவர், பணம் கொடுக்க வருபவர், 'இவர்கள் நிஜமான ஆட்கள்தானா?' என்று பார்க்க வருபவர். தளத்தை அமைக்கும்போது இரண்டாமவரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் கல்வி உதவித்தொகை, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மருத்துவச் செலவு என்று கேட்டு வரும் முதலாமவர் பல நேரம் மாற்றுத்திறனாளியாகவோ அவருடைய தாயாகவோ இருப்பார். கையில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் இருக்கும். அவரால் யாருடைய துணையும் இல்லாமல் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்பதே இங்கே அளவுகோல்.

ஆகவே தளம் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தக் கிளம்ப வேண்டாம். மூன்று பாதைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உதவிக்கு விண்ணப்பிப்பது, நன்கொடை கொடுப்பது, உங்களைத் தொடர்புகொள்ளும் வழியைக் கண்டுபிடிப்பது. முகப்புப் பக்கத்தில் தொடங்கி 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' போன்ற கடைசி வரி வரைக்கும் ஒவ்வொரு பாதையும் நீளும். இந்த மூன்றும் தடையில்லாமல் ஓடிய பிறகு பழைய ஆண்டுவிழாப் படங்களைக் கவனிக்கலாம்.

முதல் அரைமணி நேரம்: எதையும் திருத்தாமல் சோதிப்பது

கணினியிலிருந்து மவுஸைக் கழற்றிவிடுங்கள். டேப் விசையை அழுத்தி அழுத்தி மூன்று பாதைகளிலும் போய்ப் பாருங்கள். பின்னால் வர ஷிஃப்டும் டேப்பும், இணைப்பைத் திறக்க என்டர், பொத்தானை அழுத்தவும் கட்டத்தில் குறியிடவும் ஸ்பேஸ், மூடுவதற்கு எஸ்கேப். கை நடுக்கம் உள்ளவர், பெருமூளை வாதம் உள்ளவர், பார்வையற்றவர் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

பெரும்பாலும் மூன்று கோளாறுகள் தென்படும். ஒன்று, இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்றே தெரியாது. நிற்கும் இடத்தைச் சுற்றி உலாவி தானாகவே ஒரு கோடு போடும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று வடிவமைப்பாளர் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் நிரலில் அந்த அவுட்லைனை நீக்கியிருப்பார். நீக்கிய வரியை எடுத்துவிட்டு, 3 பிக்சல் தடிமனில் பளிச்சென்ற கோடு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இரண்டு, மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டுமே விரியும் துணைமெனு. அது கீபோர்டுக்குத் திறக்காது. தொடுதிரையிலும் தகராறு செய்யும். மூன்று, பக்கம் திறந்ததும் வந்து விழும் 'நன்கொடை தாருங்கள்' பெட்டி. பார்வையுள்ளவருக்குப் பெட்டி முன்னால் நிற்கும், டேப் விசையோ பின்னால் மறைந்திருக்கும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டி திறந்தால் குவியம் (டேப் விசை இப்போது நிற்கும் இடம்) அதற்குள் போக வேண்டும், எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும், மூடியதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இத்தனையும் எழுதிக்கொண்டிருப்பதைவிட அந்தப் பெட்டியையே தூக்கிவிடுவது நல்லது.

அடுத்து, கண்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தி 400% வரை பெரிதாக்குங்கள். 1280 பிக்சல் அகலத் திரையில் 400% என்பது 320 பிக்சல் அகலத்துக்குச் சமம். அதாவது சிறிய போன் திரை. அப்போதும் பக்கவாட்டில் நகர்த்தாமல் வரிகளைப் படிக்க முடிய வேண்டும். 'விண்ணப்பிக்கவும்' போன்ற நீளமான சொற்கள் பொத்தானுக்கு வெளியே வழிவதையும் பாதியில் வெட்டுப்படுவதையும் இங்கே பார்க்கலாம். ஆங்கிலச் சொல்லின் நீளத்தை வைத்துப் பொத்தானின் அகலத்தை நிரந்தரமாக்கியதுதான் காரணம். அகலத்தை எழுத்தே தீர்மானிக்கும்படி விட வேண்டும்.

மூன்றாவது, போனில் டாக்பேக். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான் அது. அமைப்புகளில் அணுகல்வசதி என்ற பகுதியில் இருக்கும். இயக்கும் முன் அணைக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் போன் கட்டுப்பாட்டில் இல்லாததுபோல் திகைக்க நேரும். ஒலியளவு விசைகள் இரண்டையும் சேர்த்து 3 நொடி அழுத்தினால் இயங்கவும் அணையவும் செய்யும் குறுக்குவழியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் படித்துக் காட்டும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், வலப்பக்கம் விரலால் வழித்தால் அடுத்த உருப்படி, பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். தமிழ்க் குரல் வரவில்லையென்றால் பேச்சு வெளியீட்டு அமைப்பில் கூகுள் குரலைத் தேர்ந்து தமிழுக்கான குரல் தரவை இறக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.

கணினியில் சோதிக்க என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் போதும். அதில் எச் விசை ஒவ்வொரு தலைப்பாகத் தாவும், கே இணைப்புகளுக்கு, எஃப் படிவப் புலங்களுக்கு. இன்சர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும். 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், மேலும் படிக்க, மேலும் படிக்க' என்று அந்தப் பட்டியல் இருந்தால் அதைக் கேட்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. 'கல்வி உதவித்தொகை விண்ணப்பம்' என்று இணைப்பே தன்னைச் சொல்ல வேண்டும்.

லைட்ஹவுஸ், வேவ், ஆக்ஸ் போன்ற தானியங்கிக் கருவிகளையும் ஓட்டலாம். பொத்தானுக்குப் பெயர் இல்லை, படத்துக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் வாசகம்) இல்லை என்பதை நொடியில் சொல்லிவிடும். ஆனால் மாற்று உரையில் 'படம்1' என்று இருந்தால் அதற்கும் நல்ல மதிப்பெண்தான். லைட்ஹவுஸில் 100 வந்ததை நிர்வாகக் குழுவில் காட்டிப் பெருமைப்படலாம், தளம் சரியாகிவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது.

பக்கத்தின் மொழி: ஒரு வரி, பெரிய வித்தியாசம்

பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்தில் இது என்ன மொழி என்று சொல்லும் 'லாங்' என்ற பண்பு உண்டு. ஆங்கில டெம்ப்ளேட்டை வாங்கித் தமிழை ஒட்டிய தளங்களில் அது ஆங்கிலம் என்றே இருக்கும். விளைவு, திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சில இடங்களில் மௌனமாகத் தாண்டிப்போகும். வேர்ட்பிரஸில் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போய்த் தளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் பெரும்பாலான தீம்களில் இது சரியாகிவிடும். இருமொழித் தளமாக இருந்தால் தமிழ்ப் பக்கத்துக்கும் ஆங்கிலப் பக்கத்துக்கும் தனித்தனி மொழிக்குறி வேண்டும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஒரு பத்தி ஆங்கிலம் வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலக்குறி.

தலைப்புகளையும் இதோடு சரிபார்த்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்குத்தான் தலைப்பு. எடிட்டரில் தலைப்பு 2, தலைப்பு 3 என்று தேர்ந்து போட்டால்தான் திரைவாசிப்பானுக்கும் தலைப்பு. பார்வையற்ற வாசகர் பலர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பது தலைப்பு தலைப்பாகத் தாவித்தான்.

படத்துக்குள் அடைபட்ட எழுத்து

தமிழ் அறக்கட்டளைத் தளங்களின் தலையாய கோளாறு இதுதான். அறிவிப்பு, தகுதி, கடைசித் தேதி, வங்கிக் கணக்கு எல்லாமே வாட்ஸ்அப்புக்காகச் செய்த ஒரு போஸ்டருக்குள் இருக்கும். அதே படத்தைத் தளத்திலும் ஏற்றிவிடுவார்கள். பார்வையற்றவருக்கு 'படம்' என்ற ஒரு சொல்தான் கேட்கும். பெரிதாக்கிப் படிப்பவருக்கு எழுத்து கலங்கித் தெரியும். யாராலும் தேட முடியாது, நகலெடுக்க முடியாது.

போஸ்டரில் உள்ள 80 சொற்களை மாற்று உரைக்குள் திணிப்பது தீர்வல்ல. மாற்று உரையில் பத்தி பிரிக்கவோ, எண்ணை நகலெடுக்கவோ முடியாது. முழு விவரத்தையும் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள். படத்தின் மாற்று உரையில் 'கல்வி உதவித்தொகை அறிவிப்புப் போஸ்டர். விவரம் கீழே' என்றால் போதும். போஸ்டர் செய்பவரிடம் படத்தோடு வாசகத்தையும் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

மற்ற படங்களுக்கு, அந்தப் படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். லோகோ முகப்புக்குக் கொண்டுபோனால் மாற்று உரை அமைப்பின் பெயரும் 'முகப்பு' என்பதும்தான். 'பச்சை வட்டத்துக்குள் விளக்கு' அல்ல. அலங்காரக் கோடு, பூ, பின்னணி ஆகியவற்றுக்கு மாற்று உரை காலியாக இருக்க வேண்டும். காலி என்பது வேறு, இல்லாமலிருப்பது வேறு. பண்பையே விட்டுவிட்டால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரைப் படிக்கும்: 'ஐஎம்ஜி அடிக்கோடு 20230815...' என்று. பயனாளிகளின் படத்துக்கு 'பாவப்பட்ட குழந்தை' என்றெல்லாம் எழுத வேண்டாம். 'சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சிறுமி ஒருத்தி கரும்பலகையில் கணக்குப் போடுகிறாள்' என்பது தகவல். உங்கள் இரக்கத்தை அங்கே காட்ட வேண்டியதில்லை.

பிடிஎஃப்: இங்கேதான் நேரம் போகும்

ஆண்டறிக்கை, விண்ணப்பப் படிவம், தணிக்கை அறிக்கை, செய்திமடல் எல்லாம் பிடிஎஃப். ஒவ்வொன்றையும் திறந்து ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம்.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். மெய்ப்புப் பார்க்காமல் போடாதீர்கள். ர எழுத்தும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளி விழுந்துவிடும், எகரம் ஏகாரமாகும். பெயர்களிலும் தொகைகளிலும் பிழை வந்தால் வம்பு.

நோட்பேடில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல் திரைவாசிப்பானுக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்'. அச்சகத்தில் வடிவமைத்த செய்திமடல்களில் இது இன்றைக்கும் சகஜம். மூலக் கோப்பை வாங்கி என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்து யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறிமுறைக்கு மாற்றுங்கள். எழுத்துருவைத் தவறாகத் தேர்ந்தால் பாதி சரியாக, பாதி உளறலாக வரும். மாற்றிய பின் இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாக உருமாறிப் போயிருக்கும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

தமிழ் வருகிறது, ஆனால் 'கொடை' என்பது 'ெகாைட' என்று வருகிறது என்றால் எழுத்துரு யூனிகோடுதான், பிடிஎஃப் ஆக்கிய மென்பொருள் கொம்புகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்துவிட்டது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கேட்பவருக்குக் கொம்பும் எழுத்தும் தனித்தனியாக உடையும். இந்த பிடிஎஃப்பைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். வேர்டு கோப்புக்குத் திரும்பிப் புதிதாக ஆக்குங்கள்.

ஆக்கும்போது கவனிக்க வேண்டியவை: வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி, அட்டவணைக்கு உண்மையான அட்டவணை, ஸ்பேஸ் தட்டி நகர்த்திய வரிசை கூடாது. பிறகு பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது விருப்பங்களில் அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகள் என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். லிப்ரே ஆபீஸிலும் டேக் செய்த பிடிஎஃப் என்று ஒரு கட்டம் உண்டு. 'பிரிண்ட்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் இந்தக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆக்கியதும் மறுபடி அதே நோட்பேடு சோதனை.

இத்தனையும் தேவையா என்று தோன்றினால் சரியாகவே தோன்றுகிறது. நாலு பக்க அறிவிப்புக்கு பிடிஎஃப் எதற்கு? சாதாரண வலைப்பக்கமாகப் போட்டால் போனில் படிக்கலாம், பெரிதாக்கலாம், தரவுச் செலவும் குறைவு. தணிக்கையாளர் கையெழுத்திட்ட அறிக்கையை மட்டும் பிடிஎஃப்பாக வைத்துக்கொண்டு, அதன் முக்கிய எண்களைப் பக்கத்தில் ஓர் அட்டவணையாகக் கொடுங்கள்.

விண்ணப்பப் படிவம்

'படிவத்தை இறக்கி, அச்செடுத்து, நிரப்பி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பவும்' என்பது ஐந்து தடைகள். கை செயல்படாதவருக்கு அச்செடுத்து நிரப்புவது முடியாத காரியம். இணையப் படிவம் ஒன்று இருந்தாக வேண்டும். பணம் இல்லையென்றால் கூகுள் படிவம் மோசமில்லை, கீபோர்டிலும் டாக்பேக்கிலும் ஓரளவு நன்றாகவே ஓடும். ஒரு சிக்கல்: அதில் கோப்பு ஏற்றும் கேள்வியைச் சேர்த்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். சான்றிதழ்களை முதல் கட்டத்திலேயே கேட்காமல், தேர்வானவர்களிடம் பின்னர் கேட்கலாம்.

சொந்தமாகப் படிவம் எழுதுவதாக இருந்தால்:

- ஒவ்வொரு புலத்துக்கும் வெளியே தெரியும் பெயர் வேண்டும், அது புலத்தோடு எச்டிஎம்எல்லில் இணைந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் 'உங்கள் பெயர்' என்று போடுவது பெயர் ஆகாது. தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். நினைவாற்றல் குறைந்தவர் என்ன கேட்டார்கள் என்று அழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.
- கட்டாயப் புலத்தை சிவப்பு நட்சத்திரத்தால் மட்டும் காட்டாமல் 'கட்டாயம்' என்று எழுதுங்கள்.
- 'தவறான உள்ளீடு' என்பது பயனற்ற செய்தி. 'அலைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும், நீங்கள் தந்தது 9' என்பது பயன்படும். பிழை வந்ததும் குவியம் அந்தப் புலத்துக்கே போக வேண்டும், ஏற்கெனவே நிரப்பியவை அழியக்கூடாது.
- கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் பலருக்கு இருப்பது முன்னெழுத்துதான். இது அணுகல் விஷயம் அல்ல, ஆனாலும் எல்லோரையும் மாட்டிவிடும்.
- பிறந்த தேதிக்குச் சுழலும் நாட்காட்டி வேண்டாம். நாள், மாதம், ஆண்டு என மூன்று தட்டச்சுப் பெட்டிகள் போதும். 1962க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தட்டவைப்பது கொடுமை.
- கையெழுத்துப் படம் கேட்டால் அதற்குப் பதிலாக 'மேலே உள்ளவை உண்மை' என்ற கட்டத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வளைந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா பார்வையற்றவரை நேரடியாக வெளியே தள்ளும். சிறு தளத்துக்கு வரும் குப்பை விண்ணப்பங்களைத் தடுக்க, மனிதர் கண்ணுக்கும் திரைவாசிப்பானுக்கும் மறைத்த ஒரு வெற்றுப் புலம் போதும். தானியங்கி நிரல் அதையும் நிரப்பிவிடும், அப்படி வந்ததை ஒதுக்கிவிடலாம். ஓடிபி கேட்கிறீர்கள் என்றால் ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், 30 நொடியில் காலாவதி ஆக்காதீர்கள். டாக்பேக்கில் குறுஞ்செய்திக்குப் போய் எண்ணை எடுத்துத் திரும்பி வரவே அதற்கு மேல் ஆகும்.

இன்னொன்று, படிவத்தின் கடைசியில் 'எங்கள் அலுவலர் போனில் அழைத்துச் சரிபார்ப்பார்' என்று இருக்கும். காது கேளாதவர் அந்த அழைப்பை எடுத்து என்ன செய்வார்? 'உங்களை எப்படித் தொடர்புகொள்ளலாம்?' என்று கேட்டு அழைப்பு, வாட்ஸ்அப் செய்தி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என்று தேர்வு கொடுங்கள்.

நன்கொடைப் பக்கம்

க்யூஆர் படம் மட்டும் வைத்தால் அது பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, அதே போனில் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எவருக்கும் பயன்படாது. தன் போன் திரையைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? யுபிஐ முகவரியை எழுத்தாகக் கொடுங்கள், பக்கத்தில் 'நகலெடு' பொத்தான், யுபிஐ செயலியை நேரடியாகத் திறக்கும் இணைப்பு ஒன்று. வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் அதேபோல. 'நகலெடு' அழுத்தினால் 'நகலெடுக்கப்பட்டது' என்று திரைவாசிப்பானுக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும்.

'ரூ.5,000/-' என்று எழுதினால் பல குரல்கள் சாய்கோட்டையும் சேர்த்துப் படிக்கும். '5,000 ரூபாய்' என்று எழுதிவிடுங்கள். 500, 1,000, 2,000 என்று பொத்தான்கள் வைத்தால் எது தேர்வானது என்பதை நிறத்தால் மட்டும் காட்டக் கூடாது. ரேடியோ பொத்தானாக அமைத்தால் 'தேர்ந்தது' என்று தானே சொல்லும். வருமான வரிச் சலுகை ரசீதுக்கு பான் எண் கேட்கும் இடத்தில் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

பணம் செலுத்தும் கேட்வே பக்கம் உங்கள் கையில் இல்லை. ஆனால் எந்தக் கேட்வே என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். ஒப்பந்தத்துக்கு முன் 10 ரூபாயை கீபோர்டால் மட்டும் செலுத்திப் பாருங்கள், பிறகு டாக்பேக்கில். முடியவில்லையென்றால் வேறு கேட்வே.

நிறம், அளவு, தமிழ் எழுத்து

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5க்கு 1 இருக்க வேண்டும். 24 பிக்சலுக்கு மேற்பட்ட எழுத்துக்கு 3க்கு 1 போதும். இணையத்தில் இலவச அளவிகள் உண்டு. வெள்ளையின் மேல் 777777 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் 4.48தான், தேறாது, 767676 தேறிவிடும். வெள்ளையில் சுத்தச் சிவப்பு ஏறக்குறைய 4, கொஞ்சத்தில் தவறுகிறது. காவி நிறத்தில் எழுதினால் 2 சொச்சம். வாட்ஸ்அப் பச்சைப் பொத்தானில் வெள்ளை எழுத்து ஏறக்குறைய 2. நன்கொடைப் பொத்தான்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கின்றன. அமைப்பின் நிறத்தை மாற்ற மனமில்லையென்றால் எழுத்தைக் கறுப்பாக்குங்கள். காவியின் மேல் கறுப்பு நன்றாகவே தெரியும்.

தமிழுக்கென்று சில. உடல் எழுத்து 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம், ஆங்கிலத்துக்குப் போதும் 14 பிக்சலில் ண, ன, ணு, னு எல்லாம் ஒன்றாகிவிடும். மேலே சுழியும் கீழே வாலும் நீளும் எழுத்து என்பதால் வரி உயரம் 1.6 மடங்காவது வேண்டும். தமிழில் உண்மையான சாய்வெழுத்து உள்ள எழுத்துருக்கள் அரிது, உலாவி நிற்கும் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தே போதும். இருபக்கமும் சமமாக இழுத்தால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும், வாசிப்புச் சிரமம் உள்ளவர் வரியைத் தவறவிடுவார். இடப்பக்கம் சீராக விட்டால் போதும்.

தொடும் பொத்தான்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது இணைய அணுகல் நெறிமுறை. விரல் நடுங்குபவருக்கு 44 நல்லது. சமூக ஊடகச் சின்னங்கள் நான்கும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

தானாக நகரும் பேனர் 5 நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும் பொத்தான் கட்டாயம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதுவும் வலிப்பைத் தூண்டலாம். பேனரை எடுத்துவிட்டு ஒரே படம் வைத்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை, பக்கமும் வேகமாகத் திறக்கும்.

காணொளி

யூடியூப் தானாக உருவாக்கும் வசனவரியை அப்படியே விடாதீர்கள். பெயர்களிலும் ஊர்களிலும் கூத்தடிக்கும். அதை வரைவாக எடுத்துக்கொண்டு திருத்தி ஏற்றுங்கள். யார் பேசுகிறார், கைதட்டலா சிரிப்பா என்பதும் வசனவரியில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றப்போகும் பிரதிக்கு மட்டும் வசனத்தைப் படத்திலேயே பதித்துவிடலாம். பேச்சே இல்லாமல் பாட்டும் படங்களுமாக ஓடும் காணொளியில் தகவல் இருந்தால் அதைப் பக்கத்தில் எழுத்தாகவும் தாருங்கள், பார்வையற்றவருக்குப் பாட்டு மட்டும்தான் போய்ச் சேரும்.

சைகைமொழியில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி. விண்ணப்பிக்கும் முறையை இந்தியச் சைகைமொழியில் இரண்டு நிமிடக் காணொளியாகத் தருவது நீண்ட வசனவரியைவிட உதவும். மொழிபெயர்ப்பாளரின் கையும் முகமும் முழுதாகத் தெரிய வேண்டும்; மூலையில் தபால்தலை அளவில் வைத்தால் வீண்.

மொழிநடை

'தகுதியுடைய விண்ணப்பதாரர்கள் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதை அறிவுசார் குறைபாடு உள்ளவரின் பெற்றோர்கூட இருமுறை படிக்க வேண்டும். 'யார் விண்ணப்பிக்கலாம்? என்ன சான்றுகள் வேண்டும்? கடைசி நாள் எது?' என்று கேள்வியே தலைப்பாகட்டும், பதில் இரண்டு வரி. திரைவாசிப்பானுக்கும் இதுவே வசதி.

மாயப் பொத்தானை நம்ப வேண்டாம்

ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு விட்ஜெட்டுகள் விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தைத் திருப்புவது போன்றவற்றைப் பயனாளியின் போனே செய்கிறது. போஸ்டருக்குள் உள்ள எழுத்தையோ பாமினி பிடிஎஃப்பையோ விட்ஜெட் சரிசெய்யாது. இப்படி மிகையாக வாக்குறுதி தந்ததற்காக ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. அந்தச் சந்தாப் பணத்தில் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சோதிக்கலாம்.

எந்த அளவுகோல், எந்தச் சட்டம்

இலக்காக டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் நெறிமுறையின் இரட்டை ஏ நிலையை வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் வந்த பதிப்பு. மேலே சொன்ன 4.5, 24 பிக்சல், 400% எல்லாம் அதிலிருந்து வருபவை. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மட்டுமன்றித் தனியார் சேவையாளர்களையும் அணுகல் விதிகளுக்குள் கொண்டுவருகிறது. மின்னணுச் சேவைகளுக்கு ஐஎஸ் 17802 என்ற தரநிலை உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இணைய அணுகலை, உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவோடு சேர்த்துப் பேசியது. வடிவமைப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் இந்த அளவுகோலை எழுதி, கடைசித் தவணையை கீபோர்டு சோதனையும் டாக்பேக் சோதனையும் தேறிய பிறகே தருவதாகச் சேருங்கள். 'அணுகத்தக்கதாக இருக்கும்' என்ற பொதுவான வரியை வைத்து யாரையும் திருத்தச் சொல்ல முடியாது.

சோதிப்பவர்களும் அறிவிப்புப் பக்கமும்

மூன்று பாதைகளும் திருத்தியாகிவிட்டதும் உண்மையான பயனர்களிடம் கொடுங்கள். பார்வையற்றவர் ஒருவர், கை இயக்கக் குறை உள்ளவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என்று தொடங்கலாம். 'தளம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பார்கள், நம் ஊர் மரியாதை அப்படி. 'உங்கள் தங்கைக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்' என்று வேலை கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடையில் உதவப் போகாதீர்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். 'சேவை மனப்பான்மையோடு' என்று ஓசியில் வாங்காதீர்கள்.

திருத்திய தளம் கெடுவது பெரும்பாலும் தன்னார்வலர் அடுத்த போஸ்டரை ஏற்றும் நாளில். பதிவேற்றும் திரையின் பக்கத்திலேயே நாலு வரி ஒட்டிவையுங்கள்: வாசகம் எழுத்தாக இருக்கிறதா, மாற்று உரை போட்டாயா, இணைப்புக்குப் பெயர் இருக்கிறதா, பிடிஎஃப்பை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தாயா.

கடைசியாக 'அணுகல் வசதி' என்று ஒரு பக்கம். எதெல்லாம் சரியாக ஓடும், எது இன்னும் ஓடாது, ஓடாதவற்றுக்கு மாற்று வழி என்ன, எந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம், எத்தனை நாளில் பதில் வரும் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். 2019க்கு முந்தைய செய்திமடல்கள் ஸ்கேன் படங்கள், கேட்டால் எழுத்தாக மாற்றித் தருவோம் என்று எழுதினால் அவமானம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துக்கான இணைப்பை அடிப்பகுதியில் மட்டும் ஒளித்துவைக்காமல் விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்விக்கு மேலேயும் வையுங்கள், ஆட்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான்.